கடைசிக் குழாய்: சேர்வராயன் மலையில் ஒரு வயிற்றுப்போக்கு நிகழ்வின் ஆய்வு

தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மலையில் காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. காலை ஆறரை மணிக்குக் கிராம சுகாதார செவிலியர் போன் செய்தார். "சார், கீழ்த்தெருவுல நாலு வீட்டுல பேதி. ரெண்டு குழந்தைங்களுக்கு ராத்திரி பூரா நிக்கவே இல்ல. நீங்க உடனே வந்தா நல்லது."

அப்போது நான் ஏற்காடு மலைப்பகுதியில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தேன். இப்போது ஓய்வு பெற்றுச் சேலத்தில் இருக்கிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. அந்த மக்களுக்கு அது தேவையில்லாத தலைகுனிவு. ஆனால் நடந்ததை விடாமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த ஊரில் யாரும் தன் வேலையைச் செய்யாமல் விடவில்லை. தினமும் தொட்டியில் கிருமி கொல்லும் மருந்தான பிளீச்சிங் பவுடரைப் போட்டிருக்கிறார்கள். பதிவேட்டில் ஒரு தேதிகூட விடுபடவில்லை. அப்படியும் பேதி வந்தது. தண்ணீரில் மருந்து போடுவது ஒரு காரியம், அது குழாய் முனைவரை மிஞ்சி வருவது வேறொரு காரியம். பல வருஷம் இந்த வேலையில் இருந்தும், நான் இதை முழுசாகப் புரிந்துகொண்டது அந்தப் பத்து நாளில்தான்.

ஊரும் தண்ணீரும்

ஊர் ஒரு சரிவில் இருக்கிறது. மேலே எஸ்டேட். சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, நிழலில் காப்பிச் செடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியை இங்கே கொண்டுவந்தார் என்பது மலையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அன்றிலிருந்து இந்த மலையின் வருஷத்தைக் காப்பிதான் வகுக்கிறது: கோடை மழைக்குப் பூ, கார்த்திகையில் பழம், தை முடியும்வரை பறிப்பு. எஸ்டேட்டுக்குக் கீழே மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகள். அவர்களிலும் பல பேருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் காப்பி இருக்கிறது.

குடிநீர் வருவது ஓடையோரக் கிணற்றிலிருந்து. சிமெண்ட் உறை இறக்கி, மேலே மூடி போட்ட கிணறு. பார்க்க நல்ல கிணறுதான். அங்கிருந்து மோட்டார் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றும். தொட்டியிலிருந்து மேல்தெரு, நடுத்தெரு, கீழ்த்தெரு என்று வரிசையாகக் குழாய் இறங்கும். தினமும் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுவார்கள்.

முதல் நாள்

போனதும் முதல் வேலை நோயாளிகள். மருத்துவர் வருவதற்குள் செவிலியர் பாதி வேலையை முடித்திருந்தார். ஓ.ஆர்.எஸ். பாக்கெட், குழந்தைகளுக்கு 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரை. கண் உள்வாங்கி, கிள்ளிவிட்ட தோல் மெதுவாகத் திரும்பிய ஒரு குழந்தையை மட்டும் ஜீப்பில் கீழே அனுப்பினோம். ஒரு வீட்டில் 1 லிட்டருக்கான பாக்கெட் முழுவதையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை குடிக்க மறுத்தது. நல்லவேளை. அவ்வளவு உப்பு உள்ளே போயிருந்தால் பேதியைவிட அதுவே ஆபத்தாக முடிந்திருக்கும். எங்கே ஓ.ஆர்.எஸ். கொடுத்தாலும் அளவுப் பாத்திரத்தைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அப்புறம் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தேன். யாருக்கு, என்றைக்கு ஆரம்பித்தது, எந்தக் குழாயில் பிடித்த தண்ணீர். மத்தியானத்துக்குள் படம் தெளிவாகிவிட்டது. மேல்தெருவில் ஒருவருக்கும் இல்லை. நடுத்தெருவில் ஒரு வீடு, அதுவும் கீழ்த்தெருப் பாட்டி வீட்டில் தங்கிவிட்டு வந்த பையன். மீதி எல்லாமே கீழ்த்தெரு. அதிலும் கடைசி நாலு குழாய். அங்கன்வாடியும் அதே வரிசையில்தான் இருந்தது. ஒரே கிணறு, ஒரே தொட்டி, ஆனால் மேலே இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை, கீழே இருப்பவர்களுக்குப் பேதி. தண்ணீர் கிணற்றில் கெட்டதா, வழியில் கெட்டதா என்ற கேள்விக்கு இது பாதிப் பதில்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டரைக் கூப்பிட்டேன். ஐம்பது வயதுக்காரர். பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கை கொஞ்சம் நடுங்கியது. "தெனமும் போடறேன் சார். பொங்கலன்னைக்குக்கூட போட்டேன்." அவர் விரல் நுனிகளைப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கரைத்துத் தோல் வெடித்து வெளுத்திருந்தது. "உங்க மேல சந்தேகம் இல்லண்ணா, தண்ணி மேலதான் சந்தேகம்" என்றேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்த கணக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டருக்கு 120 கிராம். அதற்கென்று ஒரு பழைய டப்பாவில் கோடு போட்டு வைத்திருந்தார். டப்பாவை நிறுத்துப் பார்த்தேன், கணக்குச் சரியாகவே இருந்தது.

தண்ணீரில் குளோரின் அளக்கும் சின்னக் கருவியான குளோரோஸ்கோப்பில் தொட்டித் தண்ணீரை எடுத்து, குளோரின் பட்டால் நிறம் மாறும் டி.பி.டி. மாத்திரை போட்டேன். பிளீச்சிங் பவுடர் தரும் குளோரின் மிஞ்சியிருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். மாறவில்லை. கடைசிக் குழாயிலும் மாறவில்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, மக்கள் பிடிக்கும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. இங்கே எஞ்சியது ஒன்றுமில்லை.

மருந்து இருந்த மூட்டையைக் காட்டச் சொன்னேன். மோட்டார் அறையின் மூலையில், மண் தரையில், வாய் திறந்தபடி கிடந்தது. மலையில் தினமும் பனிமூட்டம் அறைக்குள் நுழைந்துவிட்டுப் போகும். பவுடர் கட்டி கட்டியாக இறுகியிருந்தது. முகர்ந்தால் மூக்கில் ஏறவில்லை. நல்ல பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு 33 பங்குவரை குளோரின் கிடைக்கும். ஈரம், வெயில், சூடு, காற்று எது பட்டாலும் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கடைசியில் மிஞ்சுவது சுண்ணாம்பு. வெள்ளையாகத்தான் இருக்கும், கரைத்தால் பாலாகத்தான் தெரியும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து புது மூட்டை வரவழைத்து, அளவை இரட்டிப்பாக்கி, 240 கிராம் போடச் சொன்னேன். கால் மணி நேரத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பு. பதிவேட்டில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

இந்த நிகழ்வில் நான் செய்த தவறு அதுதான். குளோரின் தண்ணீரில் குறைந்தது அரை மணி நேரம் நின்ற பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதைத்தான் அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கே 30 நிமிடத்துக்குப் பிறகு 0.5 மில்லிகிராம். நான் அதுவரை காத்திருக்கவும் இல்லை, கடைசிக் குழாய்க்கு நடந்து போய்ப் பார்க்கவும் இல்லை. மறுநாள் காலை கீழ்த்தெருவில் இன்னும் மூன்று பேர் படுத்திருந்தார்கள். கிருமி உள்ளே போய் நோய் தெரிவதற்குச் சில மணி நேரமோ சில நாளோ ஆகும் என்பதால் அந்த மூன்று பேருக்கும் முன்பே தொற்றியிருக்கலாம். ஆனாலும் அன்று காலை கடைசிக் குழாய்த் தண்ணீரில் மாத்திரை போட்டு, அது வெறும் தண்ணீராகவே நின்றதைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

ஆறு வெள்ளைக் கிண்ணம்

புது மருந்து, இரண்டு மடங்கு அளவு, அப்படியும் தீர்ந்துவிட்டது. அப்படியானால் தண்ணீரில் ஏதோ ஒன்று அதைத் தின்கிறது. அலுவலக அலமாரியில் ஹாராக்ஸ் கருவி தூசி படிந்து கிடந்தது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஹாராக்ஸ், முகாம்களில் தண்ணீரைச் சுத்தம் செய்ய உருவாக்கியது. பயிற்சியில் செய்து பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு நான் தொட்டதே இல்லை. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

இதன் அழகு என்னவென்றால் மருந்தின் வீரியத்தையும் தண்ணீரின் பசியையும் ஒரே சோதனையில் சேர்த்துச் சொல்லிவிடும். தனித்தனியாக எதையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. ஒரு கறுப்புக் கிண்ணம், 200 மில்லி பிடிக்கும் ஆறு வெள்ளைக் கிண்ணம், 2 கிராம் பிடிக்கும் கரண்டி, கண்ணாடிக் குச்சிகள், ஒரு துளி விடும் குழல். தலைதட்டி ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கறுப்புக் கிண்ணத்தில் கரைத்து, உள்ளே போட்டிருக்கும் கோடுவரை தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட வேண்டும். சோதிக்க வேண்டிய தண்ணீரை ஆறு வெள்ளைக் கிண்ணத்திலும் நிரப்பி, மேலே தெளிந்த கரைசலில் முதல் கிண்ணத்துக்கு ஒரு துளி, இரண்டாவதுக்கு இரண்டு, ஆறாவதுக்கு ஆறு என்று விட்டுக் கலக்க வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்து, எல்லாவற்றிலும் ஸ்டார்ச்–அயோடைடு கரைசல் மூன்று துளி விட்டால், குளோரின் மிஞ்சிய கிண்ணம் மட்டும் நீலமாகும். நன்றாக நீலம் தெரியும் முதல் கிண்ணம் எத்தனையாவதோ, 455 லிட்டர் தண்ணீருக்கு அத்தனை கரண்டி பவுடர் வேண்டும்.

அங்கன்வாடித் திண்ணையில் கருவியைப் பரப்பினேன். ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தெருவே கூடிவிட்டது. மூன்று சோதனை செய்தோம்.

முதலில் புதுப் பவுடர், எஸ்டேட்டுக்கு மேலே இருக்கும் ஊற்றிலிருந்து ஒரு பையன் குடத்தில் கொண்டுவந்த தண்ணீர். முதல் கிண்ணமே நீலம். 30,000 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 132 கிராம். ஆபரேட்டரின் டப்பாக் கோட்டுக்கு ஏறக்குறைய அதே அளவு. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நல்ல தண்ணீருக்குச் சரியான கணக்குத்தான்.

இரண்டாவது, பழைய மூட்டைப் பவுடர், அதே ஊற்றுத் தண்ணீர். மூன்றாவது கிண்ணத்தில்தான் நீலம் வந்தது. மூட்டையில் வீரியம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, புதுப் பவுடர், ஊர்க் கிணற்றுத் தண்ணீர். முதல் நாலு கிண்ணமும் அப்படியே இருந்தன. ஐந்தாவது நீலமானது. யாரும் பேசவில்லை. 30,000 லிட்டருக்கு 660 கிராம். பழைய பவுடராக இருந்தால் கிட்டத்தட்ட 2 கிலோ போட்டிருக்க வேண்டும். அவர் போட்டது 120 கிராம்.

"அப்போ நான் இத்தனை நாளும் போட்டது…" என்று ஆபரேட்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. ஒரு மனிதன் வெடித்த விரலோடு தினமும் செய்த வேலை தண்ணீரில் கரைந்து போயிருக்கிறது, அவருக்கே தெரியாமல். அவர் கையில் ஒரு மாத்திரைப் பெட்டியையும் ஒரு கண்ணாடிக் குழலையும் யாராவது கொடுத்திருந்தால் அவரே முதல் நாளில் கண்டுபிடித்திருப்பார். அளவு சொல்லிக்கொடுத்த நாங்கள் அளக்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

தண்ணீர் எதைத் தின்றது

குளோரின் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. கிருமியின் மேலுறையைத் துளைத்து உள்ளே புகுந்து அதைக் கொல்வது அதுதான். ஆனால் எது கிருமி, எது சர்க்கரை, எது இலைச் சாறு என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எதிர்ப்படும் அழுகும் பொருள் எல்லாவற்றோடும் சேர்ந்து தானும் தீர்ந்துபோகும். தண்ணீர் முதலில் தன் பங்கைத் தின்றுவிட்டு, மிச்சத்தைத்தான் கிருமிக்கு விடும். அந்தப் பங்குக்குக் குளோரின் தேவை என்று பெயர்.

கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். தெளிவாக இருந்தது. மிக லேசான பழுப்பு, மூக்கருகே கொண்டுபோனால் மெல்லிய புளிப்பு வாசனை. கீழ்த்தெரு ஆயா ஒருவர் சொன்னார்: "பழம் அடிக்கிற காலத்துல தண்ணி இப்பிடித்தான் சாமி இருக்கும். வருசா வருசம்."

காப்பிப் பழத்தைப் பல்ப்பரில் போட்டுத் தோலை நீக்கி, கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் வழவழப்பை ஒரு நாள், ஒன்றரை நாள் ஊறவிட்டு நொதிக்கவைத்துக் கழுவுவார்கள். அந்தக் கழுவுநீரில் சர்க்கரையும் பெக்டினும் நிறைய. நொதித்துப் புளித்திருக்கும். மேலே எஸ்டேட்டிலும் கழுவினார்கள், ஊருக்குள்ளேயே ஏழெட்டு வீட்டில் கைப்பல்ப்பர் வைத்தும் கழுவினார்கள். எல்லாம் வாய்க்கால் வழியாக ஓடைக்குத்தான் போனது. ஒருத்தரைக் கைகாட்டிக் குற்றம் சொல்ல அங்கே இடமில்லை.

ஓடை நீர் மணல் வழியாகக் கசிந்து உறைகிணற்றுக்குள் வருகிறது. மணல் அழுக்கைத் தடுக்கும், பெரும்பாலான கிருமியையும் தடுக்கும். கரைந்த சர்க்கரையையும் சாயத்தையும் தடுக்காது. எனவே கிணற்றில் தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே இருந்தது, குளோரினை மட்டும் விழுங்கியது.

கிருமி வந்த வழி

ஆனால் காப்பிக் கழுவுநீர் குடித்தால் இப்படிப் பேதி வராது. கிருமி எங்கிருந்தோ வர வேண்டும்.

முதல் நாளே கிணறு, தொட்டி, மேல்தெரு, கடைசிக் குழாய் என்று நாலு இடத்தில் எச்.டூ.எஸ். பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். மலம் கலந்த தண்ணீரில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். பாட்டிலுக்குள் இருக்கும் மருந்துத் தாளில் அது பட்டால் கறுப்பாகும். குவாலியரில் மஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் உருவாக்கி 1982-இல் வெளியிட்ட முறை. ஆய்வகமே இல்லாத ஊரில் இதைவிட எளிய வழி இல்லை. ஒரே சிக்கல், பாட்டில் வெதுவெதுப்பாக, 30 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் சீக்கிரம் முடிவு தெரியும். தை மாதத்தில் ஏற்காட்டுக் குளிர் எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். செவிலியர் நாலு பாட்டிலையும் துணியில் சுற்றித் தன் வீட்டு அடுப்பு மேடைக்குப் பக்கத்துப் பரணில் வைத்துப் பார்த்துக்கொண்டார். மறுநாள் கடைசிக் குழாய்ப் பாட்டில் மை போலக் கறுத்தது. மற்ற மூன்றும் இரண்டு நாள் கழித்தும் கறுக்கவில்லை.

ஆகவே வழியில்தான். கீழ்த்தெருவில் குழாயடியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கடைசி நாலு குழாயும் குழிக்குள் இருந்தன. தண்ணீர் வேகமாக வராததால் ஒவ்வொருவரும் குழாயைத் தாழ்த்தி, முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, உள்ளே குடத்தை இறக்கிப் பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் எந்த ஊரில் கடைசித் தெருவுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். அந்தக் குழியில் பாத்திரம் கழுவிய நீர், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட நீர் எல்லாம் தேங்கி நிற்கும். காலையில் தண்ணீரை நிறுத்தியதும் சரிவில் இருக்கும் குழாய் தானே வடியும். வடியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகித் திறந்த வாய் வழியாகவும் வெடிப்பு வழியாகவும் வெளியே இருப்பதை உறிஞ்சும். மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான். அங்கன்வாடிக்கு முன்னால் குழாய் இணைப்பில் ஒரு கசிவும் இருந்தது. சாக்கடையை ஒட்டி.

குழி வருஷம் முழுக்க இருக்கிறது. காப்பியும் வருஷா வருஷம் அடிக்கிறார்கள். மற்ற மாதங்களில் குழாயில் மிஞ்சி வரும் குளோரின் இந்தக் குழித் தண்ணீரைக் கொஞ்சமாவது சமாளித்திருக்கும். அந்தத் தை மாதத்தில் மூட்டையும் கெட்டது, கழுவுநீரும் வந்தது, மிஞ்ச ஒன்றுமில்லாமல் போனது. குழியும், குளோரின் மிஞ்சாததும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்காவிட்டால் இவ்வளவு பேர் படுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தரையும் குடமும்

அங்கன்வாடியில் ஒரு குழந்தை வாந்தி எடுத்திருந்தது. ஊழியர் அக்கறையோடு உடனே பினாயிலையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டித் தேய்த்திருக்கிறார். கண் எரிந்து, இருமல் வந்து, கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றார். இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சிங் சேர்ந்தால் இன்னும் மோசம், குளோரின் வாயுவே கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கு ஆபத்து.

தரைக்கும் தொட்டிக்குச் சொன்ன அதே விதிதான். அழுக்கின் மேல் ஊற்றிய மருந்தை அழுக்கே தின்றுவிடும். முதலில் வாந்தியைத் துணியாலோ சாம்பலாலோ அள்ளி எடுக்க வேண்டும். சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளீச்சிங் கரைசல். வாந்தி, மலம் பட்ட இடத்துக்கு 1 லிட்டர் தண்ணீரில் 15 கிராம் நல்ல பவுடர், அதாவது அரை சதவீதக் குளோரின். கதவுத் தாழ், விளையாட்டுச் சாமான், மேசை போன்றவற்றுக்கு 1 லிட்டருக்கு 3 கிராம் போதும். பூசிவிட்டு உடனே துடைக்காமல் 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீரால் கழுவிவிடலாம். கரைசலை அன்றன்றைக்குக் கரைத்துக்கொள்வது நல்லது.

சாலையோரத்திலும் சாக்கடை ஓரத்திலும் உலர்ந்த பவுடரைக் கோலப்பொடி போலத் தூவுகிறோமே, அதனால் எந்தக் கிருமியும் சாவதில்லை. மண்ணும் குப்பையும் அதைத் தின்றுவிடும். ஊரே எங்களிடம் அதைத்தான் கேட்டது. "தெருவுக்கு மருந்து போடலியா?" என்று கோபப்பட்டார்கள். இருந்த புது மூட்டையைத் தெருவில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து காரணம் சொன்னேன்.

வீடுகளில் பிளாஸ்டிக் குடத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னோம். உள்ளே வழுக்கல். அந்த வழுவழுப்பே கிருமிகள் கட்டிக்கொண்ட வீடு. மேலே மருந்துத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருப்பவை தப்பித்துக்கொள்ளும். தேங்காய் நாரும் சோப்பும் போட்டு அழுத்தித் தேய்த்த பிறகுதான் கரைசல். குடத்தில் சொம்பை விட்டு மொள்ளும் பழக்கத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது. நீளக் காம்பு அகப்பை வாங்கிக் கொடுத்தோம், சில வீட்டில் தங்கியது, சில வீட்டில் இல்லை.

இன்னொரு சந்தேகம் மலையில் எப்போதும் வரும். உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுவதால் கிருமி சாகாது என்பார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியில் கொதிக்கும். பேதிக் கிருமிகள் அதற்கு வெகு முன்பே செத்துவிடும். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் நின்றால் போதும், இறக்கி மூடி வைக்கலாம். குளோரினுக்கு எளிதில் அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி போன்றவையும் கொதியில் தப்பாது. ஆகவே குழாய் சரியாகும்வரை கீழ்த்தெரு முழுவதும் காய்ச்சிய தண்ணீர்தான்.

செய்தது

குழிகளை மூடிக் குழாய்களை மேலே தூக்கினோம். தண்ணீர் வேகம் குறையும் என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். நியாயமான கோபம். பஞ்சாயத்தில் பேசிக் கீழ்த்தெருவுக்குத் தனி வால்வு போட்டு, அரை மணி நேரம் அவர்களுக்கு மட்டும் விடச் செய்த பிறகே அது அடங்கியது. இணைப்புக் கசிவைச் சரிசெய்தார்கள். தொட்டியை இறக்கித் தேய்த்துக் கழுவி, நிரப்பி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும்படி நாலரைக் கிலோ பவுடரைக் கரைத்து ஊற்றி, குழாய் முழுக்க நிரப்பி ஒரு நாள் வைத்தோம். அதுவரை லாரித் தண்ணீர். அந்தக் காட்டமான நீரை ஓடையில் விட்டால் மீன் சாகும் என்பதால் ஒரு பள்ளத்தில் தேக்கி வெயிலில் விட்டோம்.

கிணற்றுத் தண்ணீருக்கு 660 கிராம் போட்டு ஓட்டிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. நான் சம்மதிக்கவில்லை. இவ்வளவு அழுகும் பொருள் இருக்கும் தண்ணீரில் குளோரினை ஏற்றிக்கொண்டே போனால் குளோரோஃபார்ம் போன்ற, உடம்புக்குக் கெடுதலான பொருள்கள் உண்டாகும் என்பது 1974-இலிருந்தே தெரிந்த விஷயம். குடிக்கவும் முடியாது. கழுவுநீர் வராத தண்ணீரை எடுப்பதே சரி. எஸ்டேட்டுக்கு மேலே இருந்த ஊற்றிலிருந்து ஓஸ் போட்டுத் தொட்டிக்கு இறக்கினோம். காப்பிக் காலத்தில் மட்டும் அது, மற்ற மாதங்களில் கிணறு. கழுவுநீரைக் குட்டையில் தேக்கிச் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை எடுத்துவிடச் சொல்லி எஸ்டேட்டிலும் வீடுகளிலும் பேசினோம். எஸ்டேட்டில் அடுத்த வருஷமே குட்டை வெட்டினார்கள். வீடுகளில் பாதிப் பேர் செய்தார்கள்.

மருந்து மூட்டை, இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்முக்கு மாறியது. மலப் பரிசோதனையில் காலரா இல்லை என்று வந்தது. பத்தாவது நாளுக்குப் பிறகு புதிதாக யாருக்கும் இல்லை. கீழே அனுப்பிய குழந்தை நாலாம் நாளே திரும்பி வந்து அங்கன்வாடி வாசலில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மனக்குறை மட்டும் வெகுநாள் நீடித்தது. காப்பியில் மருந்து வாசனை அடிக்கிறது என்று காப்பி விளைவிக்கும் ஊரே முறையிட்டது. பிடித்த தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டுப் போடுங்கள், வாசனை போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன். ஆபரேட்டரை மிரட்டி அளவைக் குறைக்க வைக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் என் வேண்டுதல். அதற்காகவே டி.பி.டி. மாத்திரைப் பெட்டியை அவரிடம் கொடுத்து, கடைசிக் குழாயில் தினமும் தெருக்காரர்கள் முன்னாலேயே பார்க்கச் சொன்னேன். கடைசி வீட்டில் ஏழாவது படிக்கும் பெண் ஒரு நோட்டுப் போட்டு நிறத்தை எழுத ஆரம்பித்தாள்.

அந்த வருஷம் கார்த்திகையில் ஆபரேட்டர் எனக்குப் போன் செய்தார். ஹாராக்ஸ் கிண்ணங்களை அவரிடமே விட்டு வந்திருந்தேன்.

"சார், கெணத்துத் தண்ணி மூணாவது கிண்ணத்துக்குப் போயிருச்சு. பழம் அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க."

"அப்போ ஊத்துத் தண்ணிக்கு மாத்திடலாமா அண்ணா?"

"நேத்தே மாத்திட்டேன் சார். இன்னைக்குக் காலைல கடைசிக் குழாய்ல ரோஸ் வந்துச்சு. சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."